கராஜில் கூடிய 32 பேர்: ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கணினித் துறைக்காரர்கள் கூடிப் பேசும் மீட்டப் ஒன்றை நடத்தலாம் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் முதலில் எழும் கேள்வி, "யாரைப் பேசக் கூப்பிடலாம்?" என்பதுதான். அடுத்தது இடம். அதற்கடுத்தது, டீ சமோசா செலவை எந்த நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்பது. வருகிறவர்கள் தங்களுக்குள் என்ன செய்துகொள்ளப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பேசியவர்கள் எல்லாம் நன்றாகவே பேசியிருப்பார்கள், கூட்டம் மட்டும் கரைந்துபோயிருக்கும்.

இதை மனதில் வைத்து ஒரு பழைய குழுவை எடுத்துப் பார்க்கலாம். 1975 மார்ச் முதல் 1986 டிசம்பர் வரை கலிபோர்னியாவில் இயங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் அது. ஆப்பிள் பிறந்த இடம் என்ற ஒற்றை வரியாக நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டிருப்போம். அந்த வரி உண்மைதான். ஆனால் ஒரு குழுவை நடத்த நினைப்பவருக்கு அந்த வரியால் பிரயோஜனம் இல்லை. அங்கே யார் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர்களைக் கொண்டு கூட்டத்தை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதில் உரைகளுக்கு இருந்த இடம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

ஆரம்பித்தவர்கள்

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மென்லோ பார்க்கில் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஓர் அமைப்பு இருந்தது. பெயரில் கம்பெனி இருந்தாலும் அது லாபத்துக்கு நடந்த இடமல்ல. பாப் ஆல்பிரெக்ட் என்பவர் முன்னின்று நடத்திய அந்த இடத்தில் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கணினியைத் தொட்டுப் பழகலாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் கூட்டாஞ்சோறு மாலைகளும் உண்டு. அவை நின்றுபோனபோது அந்தப் பழக்கத்தை விட மனமில்லாத இருவர் ஃபிரெட் மூரும் கோர்டன் ஃபிரெஞ்ச்சும்.

ஃபிரெஞ்ச் பொறியாளர், சொந்தமாகக் கணினி செய்து பார்த்தவர். மூர் வேறு ரகம். 1959இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து, நிர்வாகக் கட்டடத்தின் படிகளில் உண்ணாவிரதம் இருந்தவர். 1971இல் ஒரு பத்திரிகையை மூடும் விருந்தில், மிச்சமிருந்த 20,000 டாலரை என்ன செய்யலாம் என்று கூடியிருந்தவர்களிடமே கேட்டபோது, பணத்தைவிட இங்கே மனிதர்கள் கூடியிருப்பதுதான் பெரிய விஷயம் என்று வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், விடியும்போது மீதியிருந்த பெரும்பகுதிப் பணத்தை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அவர் செய்ய முயன்றது ஓர் அட்டைக் குறிப்பேடு: யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன வேண்டும் என்று பதிந்து, ஒருவரை இன்னொருவரோடு சேர்த்துவைக்கும் ஏற்பாடு. அட்டைகளைக் கையால் சமாளிக்க முடியாமல்தான் அவர் கணினிப் பக்கமே வந்தார்.

காலமும் கூடி வந்திருந்தது. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகெர்க்கியில் இருந்த மிட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் தயாரிப்பு. இன்டெல் 8080 சிப், 256 பைட் நினைவகம், நாமே பூட்டிக்கொள்ளும் உதிரிபாகங்களாக (கிட்) வாங்கினால் 397 டாலர். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டும். அவ்வளவு மொட்டையான பெட்டிக்கும் ஆர்டர்கள் குவிந்தன. வாங்கியவர் ஒவ்வொருவரும் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து இதை வைத்து என்ன செய்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மூரும் ஃபிரெஞ்ச்சும் ஒரு துண்டறிக்கை ஒட்டினார்கள். சொந்தமாகக் கணினியோ டெர்மினலோ (கணினிக்குத் தட்டச்சி அனுப்பிப் பதில் பெறும் கருவி) செய்துகொண்டிருக்கிறீர்களா, அப்படியானால் வாருங்கள், தகவல் பரிமாறலாம், யோசனை பகிரலாம், ஒரு வேலையில் கைகொடுக்கலாம் என்பது அதன் சாரம். பேச்சாளர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை. இன்று இப்படி ஓர் அழைப்பை அனுப்பினால் "அஜெண்டா எங்கே?" என்று கேட்பார்கள்.

முதல் புதன்கிழமை

1975 மார்ச் 5, மழை இரவு. மென்லோ பார்க்கில் ஃபிரெஞ்ச் வீட்டு கராஜின் சிமெண்ட் தரையில் 32 பேர். அவர்களில் ஆறு பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் சொந்தக் கணினி செய்திருந்தார்கள், இன்னும் சிலர் ஆல்டேருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆல்பிரெக்ட் ஓர் ஆல்டேரைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்டீவ் டாம்பியர், தான் பணம் கட்டிய பொருள் வரவில்லையே என்று ஆல்புகெர்க்கிக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். கடைசியில் ஒருவர் இன்டெல் 8008 சிப் ஒன்றைத் தூக்கிக் காட்டி, யாருக்கு வேண்டும் என்று கேட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

அன்று வந்தவர்களில் ஹியூலெட் பேக்கார்டில் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்த ஓர் இளைஞரும் உண்டு. ஆலன் பாம் என்ற நண்பர் அழைத்து வந்திருந்தார். டிவி டெர்மினல்கள் பற்றிய கூட்டம் என்று நினைத்து வந்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். எல்லோரும் மைக்ரோபிராசசர் (கணினியின் மூளையாக வேலை செய்யும் சிப்) பற்றிப் பேச, தனக்கு இது புரியவில்லையே என்று ஒதுங்கி நின்றார். போகும்போது ஒரு சிப்பின் விவரத்தாள் கையில் கிடைத்தது. அதை வீட்டில் படித்த இரவில்தான் பிற்பாடு ஆப்பிள் 1 ஆன யோசனை பிடிபட்டது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், கிடைத்தது ஒரு தாள். யாரோ நகல் எடுத்து வந்து நாலு பேருக்குக் கொடுத்த தாள்.

மேப்பிங், ரேண்டம் ஆக்சஸ்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை கூடுவது என்று ஆனது. இரண்டாவது கூட்டம் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில். அப்புறம் சில கூட்டங்கள் பெனின்சுலா ஸ்கூல் என்ற பள்ளியில். கடைசியில் ஸ்டான்ஃபோர்டு லீனியர் ஆக்சிலரேட்டர் மையம் என்ற இயற்பியல் ஆய்வு நிலையத்தின் அரங்கம் நிலையான இடமாயிற்று. கூட்டமும் நூற்றுக்கணக்கில் வளர்ந்தது.

முதலில் ஃபிரெஞ்ச் கூட்டத்தை நடத்தினார். அவருக்குத் தெரிந்ததை முன்னால் நின்று விளக்கிச் சொல்வது அவர் பாணி. சில மாதங்களில் வேறு ஊரில் வேலை கிடைத்து அவர் போனதும், பொறுப்பு லீ ஃபெல்சென்ஸ்டீன் கைக்கு வந்தது. மன்றத்தின் கதையில் பெரிய திருப்பம் என்று எனக்குப் படுவது இதுதான், ஆப்பிள் அல்ல.

ஃபெல்சென்ஸ்டீன் பெர்க்லி மாணவர் போராட்டத்தில் இருந்து வந்த பொறியாளர். 1973இல் பெர்க்லியில் ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் ஒரு டெலிடைப் டெர்மினலை வைத்து, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பெரிய கணினியோடு இணைத்த கம்யூனிட்டி மெமரி திட்டத்தில் அவர் முக்கியமானவர். தெருவில் போகிற யாரும் உள்ளே வந்து, தனக்கு வேண்டியதைத் தட்டச்சலாம், பிறர் எழுதியதைத் தேடலாம். வாத்தியக்காரர்கள் கூட்டாளி தேடினார்கள். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, பேகல் செய்யவே கற்றுத்தருகிறேன் என்று பதில் வந்தது. ஆக, மன்றத்தைத் தொடங்கிய மூரும் சரி, நடத்திய ஃபெல்சென்ஸ்டீனும் சரி, மன்றத்துக்கு முன்பே ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டியவர்கள்: உள்ளவனையும் வேண்டியவனையும் நடுவில் தரகன் இல்லாமல் எப்படிச் சந்திக்க வைப்பது?

அரங்கில் அவர் வைத்த நடைமுறைக்கு மூன்று பகுதி. முதலில் மேப்பிங். கையைத் தூக்குகிறவரை அவர் ஒரு குச்சியால் சுட்டிக் காட்டுவார். எழுந்து யார் என்று சொல்லி, கேள்வியோ செய்தியோ வதந்தியோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். எனக்கு இந்த சிப் பற்றித் தெரிந்தவர் வேண்டும், என்னிடம் உபரியாக இத்தனை கீபோர்டு இருக்கிறது, அந்தக் கம்பெனியின் சர்க்யூட் பலகையில் இந்தக் கோளாறு, இப்படி. பதில் அங்கேயே முழுதாகச் சொல்லப்படாது. பதில் தெரிந்தவர் கையைத் தூக்குவார், கேட்டவர் முகத்தைக் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். யாராவது நீட்டி முழக்கினால் ஃபெல்சென்ஸ்டீன் கிண்டலாக ஏதாவது சொல்லி அடுத்தவருக்குப் போய்விடுவார். அதன்பின் யாராவது புதிதாகச் செய்ததைக் காட்டும் சிறு விளக்கம். கடைசியில் ரேண்டம் ஆக்சஸ். எல்லோரும் எழுந்து, மேப்பிங்கில் குறித்துவைத்த முகத்தைத் தேடிப் போவார்கள். அரங்கிலும் வராந்தாவிலும் கொத்துக் கொத்தாக நின்று பேசுவார்கள்.

இதில் நுட்பம் வரிசையில் இருக்கிறது. நம் மீட்டப்களிலும் கடைசியில் "நெட்வொர்க்கிங்" என்று அரை மணி நேரம் போடுகிறோம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். யார் யார் என்று தெரியாமல் எழுந்து போய் என்ன பேசுவது? தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு நிற்க, புதியவர் செல்போனைப் பார்த்தபடி சமோசாவை முடித்துவிட்டுக் கிளம்புகிறார். ஹோம்ப்ரூவில் புதியவருக்கும் போய்ப் பேச ஒரு காரணம் கையில் இருந்தது. காரணம் இருந்தால் கூச்சம் பெரிதாகத் தடுப்பதில்லை.

மன்றம் கூடிய வளாகத்தில் வியாபாரம் கூடாது என்பது ஆக்சிலரேட்டர் மையத்தின் விதி. அதனால் கூட்டம் முடிந்ததும் ஒரு கும்பல் சற்றுத் தள்ளி சேஃப்வே கடையின் பார்க்கிங்குக்குப் போய், கார் டிக்கியைத் திறந்து சிப்புகளையும் பலகைகளையும் கைமாற்றும். இன்னொரு கும்பல் எல் கமினோ ரியல் சாலையில் ஒயாசிஸ் என்ற பாரில் போய் உட்காரும். அங்கே பீரோடு பேசித் தீர்த்தது அரங்கில் பேசியதற்குக் குறைந்ததல்ல என்று உறுப்பினர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

மேடை ஏறியவர், கடைசி வரிசையில் இருந்தவர்

உரையே வேண்டாம் என்றிருந்த மன்றம் இல்லை இது. 1975 ஏப்ரல் 16 அன்று பெனின்சுலா ஸ்கூலில் டாம்பியர் செய்துகாட்டியதைப் பார்த்தால் நல்ல விளக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். தன் ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மின் இணைப்புக்கு மாடியிலிருந்து ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. புரோகிராமை ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி உள்ளே ஏற்றினார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒயரில் கால் இடறி மின்சாரம் போனது. நினைவகத்தில் இருந்ததெல்லாம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. முடித்துவிட்டு ஒரு சின்ன ரேடியோவை அந்தப் பெட்டிமேல் வைத்தார். ரேடியோவில் பாட்டு வந்தது. கணினியின் மின்காந்த இரைச்சலை ரேடியோ பிடிக்கிறது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, எந்தச் சுழற்சிக்கு எந்தச் சுரம் என்று கணக்கிட்டு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எழுதியிருந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பாட்டைவிட அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். செய்முறையை பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியின் இதழில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். திரையும் கீபோர்டும் இல்லாத பெட்டியால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சு அன்றே முடிந்தது. அதே பெட்டி வைத்திருந்த ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் செய்துபார்க்க முடிந்தது.

வாஸ்னியாக் இதற்கு நேர் எதிர். கூச்ச சுபாவம். மேப்பிங்கில் கையைத் தூக்கவே மாட்டார், அரங்கின் பின்பகுதியில் உட்கார்ந்திருப்பார். பேச்சாளர் மட்டுமே கவனம் பெறும் ஓர் அமைப்பில் இவர் நாலு கூட்டம் வந்துவிட்டு நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். இங்கே அவரைக் காட்டிக்கொடுத்தது செய்திமடல். முதல் இதழ் 1975 மார்ச் 15இல், கராஜ் கூட்டம் நடந்த பத்தாம் நாளே வந்தது. தயாரித்தவர் மூர். அவருடைய அட்டைக் குறிப்பேட்டு ஆசை இங்கே நிறைவேறியது: உறுப்பினர்கள் தங்களிடம் என்ன இருக்கிறது, என்ன செய்கிறோம், என்ன தெரியும் என்று எழுதித் தந்ததை அச்சிட்டார். வாஸ்னியாக்கின் குறிப்பில் தானே வடிவமைத்த டிவி டெர்மினல், வீடியோ விளையாட்டுகள், டிவியில் சதுரங்கம் காட்டும் சர்க்யூட் எல்லாம் வரும். டிஜிட்டல் வடிவமைப்பு தெரியும், நேரம் குறைவு, சர்க்யூட் வரைபடங்கள் உண்டு என்று முடியும். எழுந்து நின்று பத்து வார்த்தை பேசாத மனிதர் எழுத்தில் தன்னை முழுக்கத் திறந்து வைத்துவிட்டார்.

பிறகு அவர் தன் கணினியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஓரமாக வைப்பார். ஆட்கள் சுற்றி நின்று கேட்பார்கள், பதில் சொல்வார். சர்க்யூட் வரைபடத்தை நகலெடுத்து இலவசமாகக் கொடுத்தார். சிலர் வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொடுக்கவும் உதவினார். இதை விற்கலாமே என்று தோன்றியது நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு. மன்றத்துக்கு வந்துபோன பால் டெரல், தன் பைட் ஷாப் கடைக்கு முழுதாகப் பூட்டிய பலகைகள் 50 வேண்டும், ஒன்றுக்கு 500 டாலர் தருகிறேன் என்றார். 1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிள் தொடங்கியது. மீதி ஊருக்கே தெரியும்.

பேப்பர் டேப் விவகாரம்

எந்தக் குழுவுக்கும் ஒரு சண்டை வரும். ஹோம்ப்ரூவுக்கு வந்த சண்டை இன்றுவரை முடியவில்லை.

ஆல்டேருக்கு பேசிக் என்ற நிரல்மொழியை எழுதியவர்கள், பின்னாளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களாக அறியப்பட்ட பில் கேட்ஸும் பால் ஆலனும் அவர்கள் கூட்டாளிகளும். மிட்ஸ் அதைத் தனியாக விற்ற விலை 500 டாலர், கணினியின் விலையைவிட அதிகம். மிட்ஸின் நினைவகப் பலகையோடு வாங்கினால் 75 டாலர் அளவில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் அந்த 4கே நினைவகப் பலகைகள் சரியாக வேலை செய்யவில்லை. மன்றத்து உறுப்பினர் பாப் மார்ஷ் தொடங்கிய பிராசசர் டெக்னாலஜி, வேலை செய்யும் பலகையை விற்றது. நல்ல பலகையை வாங்கியவர் பேசிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்பது பலருக்கு எரிச்சல். பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

1975 ஜூனில் மிட்ஸ் தன் விளம்பர வண்டியோடு பாலோ ஆல்டோவில் ஒரு ஓட்டலுக்கு வந்து கணினியைக் காட்டியது. அங்கிருந்து பேசிக் இருந்த பேப்பர் டேப் (புரோகிராமைத் துளைகளாகப் பதிந்த காகித நாடா) ஒன்று காணாமல் போனது. அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அட்டைப்பெட்டி நிறைய நகல்கள் வந்தன. ஒன்று எடுத்தால் நகலெடுத்து இரண்டாகத் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. 1976 பிப்ரவரி 3 என்று தேதியிட்டு கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை, உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்றார். கடிதம் ஹோம்ப்ரூ செய்திமடலிலும் அச்சானது. தங்களைத் திருடர் என்று சொன்ன கடிதத்தைத் தங்கள் மடலிலேயே போட்டார்கள் என்பதற்காக அவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

அந்த நகலெடுப்பில் கேட்ஸ் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. வேறு எதிலும் அவரோடு உடன்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சண்டைக்கு உருப்படியான பதில் வேறு விதமாக வந்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டென்னிஸ் ஆலிசன், மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடக்கூடிய டைனி பேசிக் என்ற மொழிக்கு வரையறை எழுதி பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி இதழில் வெளியிட்டார். வாசகர்கள் ஆளுக்கொரு வடிவம் எழுதி அனுப்பினார்கள். அவை குவிந்ததால் 1976 ஜனவரியில் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் என்ற தனி இதழே பிறந்தது. மன்ற உறுப்பினர் டாம் பிட்மன், 6800 சிப்புக்கான டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். நகலெடுக்கும் சிரமத்தைவிட வாங்குவது சுலபம் என்கிற விலை. வாங்கவும் செய்தார்கள். அதே ஆண்டு லி-சென் வாங் தன் பாலோ ஆல்டோ டைனி பேசிக்கின் தலைப்பில், பதிப்புரிமை வாசகம் வர வேண்டிய இடத்தில் "காப்பிலெஃப்ட்" என்று குறும்பாக எழுதிவைத்தார். யாரும் நகலெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஎன்யூ திட்டத்தை அறிவிக்க இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

அட்டைப்பெட்டி என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. மன்றக் கூட்டங்களில் தான் எழுதிய மைக்ரோகம்ப்யூட்டர் அறிமுக நூலைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து விற்றவர் ஆடம் ஆஸ்பர்ன். இவர் அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர். குடும்பம் திருவண்ணாமலையில் வாழ்ந்தது. ஆடம் சிறுவயதை அங்கே கழித்தவர், கொடைக்கானலில் பள்ளிக்குப் போனவர், தமிழ் பேசத் தெரிந்தவர். 1981இல் அவர் வெளியிட்ட, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஆஸ்பர்ன் 1 கணினியை வடிவமைத்தவர் நம் குச்சிக்காரர் ஃபெல்சென்ஸ்டீன்தான். கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கே திரும்பிய ஆடம் 2003இல் அங்கேயே இறந்தார். சிலிக்கான் வேலியின் கதையில் திருவண்ணாமலைக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது.

ஏன் தேய்ந்தது

மன்றத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கிளம்பின என்பது ஃபெல்சென்ஸ்டீனின் கணக்கு. அதுதான் மன்றத்தின் பெருமை, அதுவே அதன் நோயும். இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுந்து நின்று தன் சர்க்யூட்டை விளக்கியவருக்கு இப்போது ஒரு கம்பெனி இருக்கிறது, போட்டியாளர் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மாதம் என்ன வரப்போகிறது என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறார். மேப்பிங் நடக்க வேண்டுமானால் ஆட்கள் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கக் காரணம் வந்தபின் அது வெறும் அறிவிப்புப் பலகைதான். பணம் இதற்குள் வரக்கூடாது என்று நினைத்த மூர் முதல் ஆண்டிலேயே விலகிப்போயிருந்தார்.

வேறொரு காரணமும் உண்டு. 1977 ஏப்ரலில் ஜிம் வாரன் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேருக்கு 12,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆப்பிள் 2 அங்கேதான் அறிமுகமானது. பெட்டியைத் திறந்தால் ஓடும் கணினி கடையில் கிடைக்கத் தொடங்கியதும், பூட்டத் தெரிந்தவரைத் தேடி மன்றத்துக்கு வர வேண்டிய அவசியம் குறைந்தது. செய்திமடல் 21 இதழ்களோடு 1977 டிசம்பரில் நின்றது. கூட்டங்கள் இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஓடின. அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அதே 1975இல் தொடங்கிய நியூ ஜெர்சி அமெச்சூர் கம்ப்யூட்டர் குரூப் அரை நூற்றாண்டுக்கு மிக நெருக்கமாக நீடித்தது, உலகை மாற்றிய நிறுவனம் எதுவும் அதன் பெயரில் இல்லை. 1977இல் ஜோனதன் ரோட்டன்பெர்க் என்ற 13 வயதுப் பையன் தொடங்கிய பாஸ்டன் கம்ப்யூட்டர் சொசைட்டி, 30,000 உறுப்பினர்களைத் தாண்டி, சம்பள ஊழியர்கள் வைத்து நடத்தும் அளவுக்கு வளர்ந்து, 1996இல் மூடப்பட்டது. இவற்றில் எது வெற்றி என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. ஆனால் ஹோம்ப்ரூவை "தோல்வியடைந்த குழு" என்று சொல்ல மாட்டேன். தன் உறுப்பினர்களுக்கு வேலை இருந்தவரை அது இருந்தது.

எதை எடுத்துக்கொள்வது

எடுத்துக்கொள்ள முடியாததை முதலில் சொல்லிவிடலாம். அந்த 32 பேர் இன்டெல், ஹியூலெட் பேக்கார்டு, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் அரை மணி நேரக் கார் தூரத்தில் இருந்த ஊரில் இருந்தார்கள். உபரி சிப் விற்கும் கடைகள் பக்கத்தில். கையில் நல்ல வேலை. பெரும்பாலும் ஆண்கள். இதையெல்லாம் நம் ஊரில் உண்டாக்கிவிட முடியாது, கடைசியாகச் சொன்னதை உண்டாக்கத் தேவையும் இல்லை. ஆல்டேர் போல எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளோடு திண்டாடும் சந்தர்ப்பமும் நினைத்தபோது வராது. ஆனாலும் அப்படி ஒன்று வரும்போது கவனிக்க வேண்டும். ஒரு ஊரில் பத்து பேர் ஒரே மென்பொருள் லைப்ரரியோடு (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) மாரடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பொதுவான "டெவலப்பர் மீட்டப்" அறிவிப்பதைவிட அந்தப் பத்து பேரைக் கூப்பிடுவது நல்ல தொடக்கம்.

எடுத்துக்கொள்ளக் கூடியது கூட்ட நடைமுறை. அதற்குச் செலவே கிடையாது. 40 பேர் வந்தால் ஆளுக்கு 45 வினாடி என்று வைத்துக்கொண்டால் மேப்பிங் அரை மணி நேரத்தில் முடியும். பெயர், என்ன செய்கிறேன், என்ன வேண்டும் அல்லது என்ன தர முடியும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெருமை வேண்டாம். நடத்துகிறவர் கொஞ்சம் முரடாக இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது ஆளே பத்து நிமிடம் எடுத்துக்கொள்வார். நூறு பேரைத் தாண்டினால் எல்லோரையும் பேசவைக்க முடியாது. ஃபெல்சென்ஸ்டீன் செய்ததுபோல் கையைத் தூக்குகிறவர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பின் ஒரே ஒரு விளக்கம், இருபது நிமிடம், ஓடுகிற ஒன்றைக் காட்ட வேண்டும், கேட்டவர் வீட்டில் செய்துபார்க்கும்படி அதன் நிரலும் தர வேண்டும். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் மீதி ஒரு மணி பத்து நிமிடத்துக்கு நிகழ்ச்சி நிரலில் எதுவும் எழுதக்கூடாது. இதுதான் ஒருங்கிணைப்பாளர்களுக்குக் கஷ்டம். வெற்று நேரத்தைப் பார்த்தால் இன்னொரு பேச்சாளரைப் போட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும், ஸ்பான்சரும் பத்து நிமிடம் கேட்பார்.

இடம் பார்க்கும்போது அரங்கைவிட வாசலைப் பாருங்கள். எட்டு மணிக்கு செக்யூரிட்டி விளக்கை அணைத்து எல்லோரையும் வெளியே அனுப்பும் ஐடி பார்க்கைவிட, பக்கத்தில் பத்து மணி வரை திறந்திருக்கும் டீக்கடை உள்ள கல்லூரி வகுப்பறை மேல்.

கையைத் தூக்காதவர்களுக்காக நுழைவாயிலில் ஒரு தாள் வைக்கலாம், அல்லது ஒரு படிவம். வைத்திருப்பது, தேடுவது, தெரிந்தது என்று மூன்று கட்டம் போதும். தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ தர விரும்பாதவர் தராமல் விடலாம், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த பதில்களைத் தொகுத்து வந்தவர்களுக்கு மட்டும் அன்றிரவோ மறுநாளோ அனுப்புங்கள். புகைப்படங்களும் நன்றியுரையும் அதற்கப்புறம் போகட்டும்.